பூட்டன் எங்கே பிறந்தார்?

ஒஷாவாவிலிருந்து பேசுகிறேன். ஏழைக் கிராமத்தவரின் வாக்குக்குப் பெறுமதி இல்லை, அது காசுக்குப் போய்விடும் என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. மலையகத்தின் வரலாறு வேறு. அங்கே அந்த வாக்குக்குப் பெறுமதி இருந்தது, அதனால்தான் பறித்தார்கள்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதை எதிர்த்திருந்தார். தோட்டத்தில் லயமும் செக்ரோலும் துரையின் கையில்; வாக்குச் சாவடியில் மட்டும் துரைக்கும் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கொரு வாக்கு. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 95 இடங்களில் 7ஐ வென்றது. தலவாக்கலையில் வென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்து வீட்டில் அதற்குப் பத்திரம் ஏது? 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பத்திடம் பூட்டன் எங்கே பிறந்தார் என்று எவரும் கேட்கவில்லை. சட்டம் வந்த அதே 1948இல் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நாம் பெருமையாகச் சொல்லும் அரசியல் வரலாற்றில் இந்தப் பக்கமும் உண்டு.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

நான் தாதி. இங்கே தேர்தல் காலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு வாக்குப்பெட்டியே வருகிறது. எழும்ப முடியாதவர் கட்டிலில் இருந்தபடி வாக்களிக்கிறார். அங்கே ஒரு நாட்டின் தேயிலையையே கையால் பறித்தவர்களிடம் வாக்கு இல்லை.

வாக்கு இல்லாதபோது அவர்களிடம் மிஞ்சியது உழைப்பும் சங்கமும். 1986 தைப்பொங்கலில் தொண்டமான் பிரார்த்தனை இயக்கம் தொடங்கினார். காலையில் பிரார்த்தனை, அதன் பிறகே வேலை. செபிப்பவரைத் தண்டிப்பது எந்த அரசுக்கும் சிரமம், கொழுந்தோ காத்திராது. அரசு பேச்சுக்கு இறங்கியது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தந்தன.

1948இலிருந்து 2003 வரை 55 ஆண்டுகள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று இந்த நிகழ்வைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மிச்சத்தை அவர்கள் சொல்ல, நாங்கள் கேட்போம்.