தோமா கேட்ட வழி

பரலோகத்தைப் பற்றி நம் சபைகளில் எப்போது விரிவாகப் பேசுகிறோம்? அடக்க ஆராதனையிலும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளிலும்தான். மற்ற நாள்களில் ஜெபம் பெரும்பாலும் விண்ணப்பம்: பிள்ளைக்குப் படிப்பு, மகளுக்கு வரன், வீட்டுக் கடன். கேட்கக் கூடாதவை அல்ல இவை. ஆனால் நித்திய நம்பிக்கையைத் துக்க வீட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

இந்தக் கரைக்கு அது பொருந்தாத பழக்கம். சென்னைப் பாலவாக்கத்திலிருந்து கடலை ஒட்டி வடக்கே போனால் சாந்தோம். உள்ளே சின்னமலை, அதற்கும் அப்பால் பரங்கிமலை. மூன்றையும் மரபு இயேசுவின் சீடரான தோமாவோடு பிணைக்கிறது. சின்னமலைக் குகையில் அவர் ஒதுங்கி ஜெபித்தார் என்பது வழிவழிச் செய்தி. சந்தேகப்பட்டவர் என்றே அவரைப் பிரசங்கிக்கிறோம். யோவான் 14-ஆம் அதிகாரத்தில் பிதாவின் வீட்டைப் பற்றி இயேசு சொல்லிவரும்போது, இடைமறித்து வழி கேட்டவரும் அவர்தான். போய்ச் சேரும் இடத்தில் அக்கறை இல்லாதவன் வழி கேட்பானா? பரலோக தியானத்துக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தோமாவின் பெயர் தாங்கிய மயிலாப்பூர் ஆலயத்தில் 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827-இல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் தோய்ந்தவர். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயணக் கதையை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கினார். ‘நற்போதகம்’ இதழில் ஆண்டுக்கணக்கில் தொடராக வந்து, 1894-இல் நூலானது. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். கதை நடுவே தேவாரம் என்ற பெயரில் பக்திப் பாடல்களும் உண்டு. யாத்திரிகனின் நடை அங்கே நின்று துதியாகிறது. பனியன் கதையின் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற உரைநடை மொழிபெயர்ப்பைக் கதைக்காக ஒரே மூச்சில் படித்துவிடலாம். காப்பியத்தின் விருத்தம் அப்படி விடாது. வாய்விட்டுச் சொல்லி, பொருள் பிரித்து, திரும்பச் சொல்ல வேண்டும். கிருஷ்ணபிள்ளை நமக்குத் தந்த பெரிய உதவி அந்தத் தாமதமே என்பேன்.

பனியன் கதையில் ஓர் இடம் உண்டு. மலைமேல் மேய்ப்பர்கள் யாத்திரிகர் கையில் தொலைநோக்கிக் கண்ணாடியைக் கொடுத்து, அதோ வான நகரத்தின் வாசல், பாருங்கள் என்கிறார்கள். சற்றுமுன் காட்டப்பட்ட நரகத்தின் பக்கவழி நெஞ்சைவிட்டுப் போகவில்லை; கை நடுங்குகிறது. வாசல்போல ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த அரைகுறைக் காட்சியே பாட்டுக்குப் போதுமானதாகி, பாடிக்கொண்டே நடக்கிறார்கள். தியானத்தில் உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லையே என்று எழுந்துவிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

தியானத்துக்கு நேரம் ஒதுக்குவதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியவர் ரிச்சர்டு பாக்ஸ்டர். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் படைக் குருவாக இருந்தவர், கடும் நோயில் விழுந்து, சாவு நெருங்கிவிட்டது என்று எண்ணிய நாள்களில் பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதலைப் பற்றித் தனக்காகவே எழுதத் தொடங்கினார். 1650-இல் அது பெரிய நூலாக வந்தது. எழுதியவரோ பிழைத்து 1691 வரை வாழ்ந்தார்! தியானத்துக்கு நிலையான வேளை வேண்டும், அதில் தன் ஆத்துமாவுக்குத் தானே பிரசங்கிக்க வேண்டும் என்பது அவர் முறை. மாலையில் வயல்வெளிக்குப் போன ஈசாக்கைப்போல, சூரியன் சாய்ந்து இருட்டும் வரையுள்ள பொழுதே தனக்கு வாய்ப்பானது என்றார்.

பாலவாக்கத்தில் அந்த நேரம் சரிவராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நெருக்கும் பொழுது அது. சூரியனும் கட்டடங்களுக்குப் பின்னால்தான் மறைகிறது. நமக்குக் கிழக்கே கடல் இருப்பதால் விடியலை எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள், அரை மணி, விண்ணப்பம் எதுவும் இல்லாமல். செல்பேசி வீட்டில் இருக்கட்டும். கூட்டமாகக் கைகொட்டிச் சிரிப்புப் பயிற்சி செய்கிறவர்களையே வியப்பில்லாமல் கடந்துபோகிற ஊர் இது; மணலில் உட்கார்ந்து இரட்சணிய யாத்திரிகத் தேவாரத்தை வாய்விட்டுப் பாடுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.