உருக்கின் பதம்

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியோரம் மாடிக் கட்டடமொன்று எழுந்துகொண்டிருக்கின்றது. அதன் முன்னால் குவிந்து கிடக்கும் இரும்புக் கம்பிகளைப் பள்ளிக்குச் செல்லும் வழியில் நாடோறும் காண்கின்றேன். அங்கே கம்பி வளைத்துக்கொண்டிருந்த முதிய தொழிலாளி ஒருவரிடம், சூடு காட்டினால் எளிதில் வளையுமல்லவா என்று ஒரு நாள் வினவினேன். "சூடு காட்டினா கம்பியின்ர பலம் போயிடும், சேர். அப்படியேதான் வளைக்கோணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்று சிரித்தார்.

செய்யும் முறை அவருக்குத் தெரிந்திருந்தது, காரணம் தெரிந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்று மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் எனக்கோ இரண்டுமே தெரிந்திருக்கவில்லை. கையின் அறிவும் ஏட்டின் அறிவும் இவ்வாறு பிரிந்து நிற்பது எவ்வாறு நேர்ந்தது? உருக்கின் வரலாறு இக்கேள்விக்குத் தக்க விடை தருகின்றது.

இரும்பிலே சிறிதளவு காபன் சேர்ந்ததே உருக்கு. கட்டடத்துக்கும் பாலத்துக்கும் உதவும் உருக்கில் காபன் ஏறத்தாழக் கால் வீதமே உண்டு. பண்டைய வாள்களுக்குரிய உருக்கிலோ அது ஒன்று முதல் இரண்டு வீதம் வரை இருந்தது. முன்னது முறியாமல் வளையவேண்டும். பின்னது கூர்மையைத் தாங்கவேண்டும். ஆதலின் ஒன்றுக்கு உகந்த சூடு மற்றதற்கு நாசமாகும். செஞ்சூட்டிலிருந்து நீரில் தோய்த்த வாளுருக்குக் கடினமாகும், ஆயின் எளிதில் நொறுங்கும். மீண்டும் மிதமாகச் சூடாக்கினால் அந்நொறுங்குந்தன்மை தணியும். கட்டட உருக்கைச் செஞ்சூட்டிலிருந்து காற்றிலே ஆறவிட்டால் அதன் மணிகள் நுண்ணியவாகி, வலிமையும் வளையுந்தன்மையும் ஒருங்கே அமையும். உலைக்குள்ளேயே மெல்ல ஆறிய உருக்கு மென்மையுறும். எந்த உருக்குக்கு எந்தச் சூடு, எந்த வேகத்தில் ஆறுதல் என்று தேர்வதே பதம் அறிதல். நீரிலிட்டுக் கடினமாக்குவதைத் தமிழ்க் கொல்லர் தோய்ச்சல் என்றனர்.

இவ்வறிவு இம்மண்ணுக்குப் புதியதன்று. பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவவில் நீர்மின் திட்டத்துக்கான அணை எழுந்த காலத்தில், கில் ஜுலெப் என்ற ஆங்கிலத் தொல்லியலாளர் அங்குள்ள மலைச்சரிவுகளை ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய சரிவுகளில் 77 உலைக்களங்களை அவர் கண்டார். தென்மேற்குப் பருவக்காற்றே அவ்வுலைகளுக்குத் துருத்தியாயிருந்தது. 1994-இல் அத்தகைய உலையை மீண்டும் கட்டி, காற்றின் வலிமையாலேயே காபன் மிகுந்த உருக்கைப் பெற முடியுமென்று நிறுவினார். 1996-இல் 'நேச்சர்' ஏடு இதனை வெளியிட்டது. அவ்வுலைகள் கி.பி. 7 முதல் 11 வரையான நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. 9-ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி எழுதிய அறபு அறிஞர் அல் கிந்தி, சரந்தீபின் உருக்கையும் குறிப்பிட்டுள்ளார்.

மூடிய மட்குகையில் இரும்பையும் மரச் சுள்ளியையும் இட்டு உருக்கி எடுப்பது வேறொரு முறை. இலங்கையின் கனியவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளிவந்த தம் நூலிலே சிங்களக் கொல்லரின் இம்முறையைப் பதிவு செய்தார். அவர்கள் குகையில் இட்டது ரணவரா, அதாவது ஆவாரை. சேலம் பகுதிக் கொல்லரும் ஆவாரஞ் சுள்ளியையே இட்டு, மேலே எருக்கிலை பரப்பினர். மொழியால் வேறுபட்ட இரு கரையினரின் குகையிலும் ஒரே செடி கரிந்தது என்பது நாம் சிந்தித்தற்குரியது.

இத்தகைய குகையுருக்கு 'வூட்ஸ்' என்ற பெயரோடு 1794-இல் பம்பாயிலிருந்து இலண்டன் சென்றது. மறு ஆண்டே ஜோர்ஜ் பியர்சன் அதுபற்றி றோயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். ஆனால் ஐரோப்பியக் கொல்லர்க்கு அதனை அடித்து நீட்டுவது பெருஞ் சிரமமாயிற்று. காபன் குறைந்த இரும்பை வெண்சூட்டில் அடித்துப் பழகியவர்கள் அவர்கள். அச்சூட்டிலே இவ்வுருக்கின் மணிகளுக்கிடையே உள்ள பிணைப்பு இளகிவிடும்; சம்மட்டி பட்டதும் உருக்கு உதிரும். ஏறத்தாழ 650 முதல் 850 பாகை செல்சியஸ் வரையான குறுகிய எல்லைக்குள்ளேயே அதனை அடிக்கவேண்டும். கட்டி கப்பலேறியது, பதம் அறிந்த கண் கப்பலேறவில்லை. கொல்லனின் மகனான மைக்கல் பரடேயும் 1819-இலிருந்து இவ்வுருக்கை ஆராய்ந்தார். அதன் இயல்புக்கு அலுமினியம் காரணமென்று அவர் கருதியது பின்னர் பிழையெனத் தெரிந்தது.

காரணத்தைத் தெளிவாக்க வழி திறந்தவர் உருசியப் பொறியியலாளர் திமித்ரி செர்னோவ். சென். பீற்றர்ஸ்பேர்க்கின் ஒபுகோவ் ஆலையில் வார்த்த பீரங்கிகள் சில வெடித்துச் சிதறின. ஆலையினுள்ளே நின்று, தகிக்கும் உருக்கின் நிறத்தைக் கண்ணாலேயே நோக்கி, குறித்த சில சூடுகளில் உருக்கின் உள்ளமைப்பு மாறுகின்றதென்று 1868-இல் அவர் அறிவித்தார். உலையின் முன் நிற்போர் தலைமுறை தலைமுறையாகக் கண்ட அதே நிறங்கள் விதியாக மாறின. கொல்லனின் கண்ணும் அறிஞனின் வினாவும் ஒருவரிடத்தே கூடியமையே இவ்வெற்றியின் இரகசியம்.

எமது நாடுகளில் அவை ஏன் கூடவில்லை? அந்நிய ஆட்சியில் மலிந்து இறங்கிய ஆலை இரும்பு உள்ளூர் உலைகளை அணைத்தது; இது காரணத்தின் ஒரு பாதி. மறு பாதி நம்முடையது. இரும்பு உருக்கியோரைச் சாதியின் பெயரால் தாழ்த்தினோம். ஏட்டை அவர்களுக்கு எட்டாததாக்கினோம். அவர்களது அறிவும் குடும்ப இரகசியமாய்க் குறுகி, உலை அணைந்தபோது தானும் அணைந்தது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று இன்று மார்தட்டுவோர், அந்த முன்னோரைத் தம் திண்ணையில் அமரவிட்டவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். 1960-களில் சோவியத் உதவியோடு ஒருவெலவில் அரசு அமைத்த உருக்காலை, இத்தொழிலை மக்கள் உடைமையாக மீட்கும் முயற்சியாயிருந்தது. 1990-களில் அதுவும் தனியார் கைக்குச் சென்றது.

கம்பிக்குரிய காரணத்தைப் பின்னர் தேடி அறிந்தேன். 1970-களில் பெல்ஜியத்தில் உருவான முறை அது. உருளைகளிலிருந்து செந்தணலாய் வெளிவரும் கம்பியின் மேற்பரப்பை நீர்த்தாரையால் திடீரெனக் குளிர்விக்கின்றனர்; புறணி கடினமாகின்றது. உள்ளே எஞ்சிய சூடு வெளிநோக்கிப் பரவி அப்புறணியைப் பதப்படுத்துகின்றது. புறம் வலிமையும் அகம் நெகிழ்வும் பெறுகின்றன. மீண்டும் செஞ்சூடு காட்டினால் அப்பதம் அழியும்.

மறுநாள் அத்தொழிலாளியிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டவர், "அப்ப வெல்டிங் வைக்கிற இடத்தில என்ன நடக்கும், சேர்?" என்றார். என்னிடம் விடையில்லை. ஒட்டிடத்தின் அருகே கம்பி இளகக்கூடுமென்பதையும், அதற்கேற்ற உருக்கையும் சூட்டையும் தேரவேண்டுமென்பதையும் அறிய மேலும் சில நாள் படிக்கவேண்டியிருந்தது. என்னைப் படிக்க வைத்தது அவரது வினா.

2013-இல் எமது பாடசாலைகளின் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. கெட்டித்தனம் குறைந்தோர்க்கான புகலிடம் அது என்று ஆசிரியர் அறைகளிலே பேசக் கேட்டிருக்கின்றேன், நானும் பேசியிருக்கின்றேன். உலையை அணைத்த பழைய ஏளனமே எம் வாயிலும் ஒலிக்கின்றது. அதனை நாம் விட்டொழிக்கவேண்டும். கம்பி வளைப்பவர் ஏன் என்று கேட்கவும், நம் மாணவர் கம்பியைத் தொட்டுப் பார்க்கவும் வழி செய்வது ஆசிரியரின் கடன். அவ்விருவரும் ஒருவரையொருவர் வினவத் தொடங்கினால், அணைந்த உலையின் அறிவு இம்முறை எல்லோருக்கும் உரியதாகும்.