அடகுக்கு வந்த நகைகளும் 150 ஆண்டுக் கடனும்

கடன்பட்டவரைப் பற்றி ஊர் சொல்லும் முதல் வார்த்தை, "வரவுக்கு மீறின செலவு" என்பதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உரைகல்லும் தராசும் இருந்த என் மேசைக்கு முன்னால் நின்றவர்களில், அந்தப் பேச்சுக்குப் பயந்து தலைகுனியாதவர்கள் குறைவு. செயினைக் கழற்றிக் கொடுக்கும்போதே, "இந்தத் தடவை கட்டாயம் திருப்பிடுவேன் சார்" என்று நான் கேட்காமலே சொல்வார்கள். அவர்கள் அப்படிக் கூசிப்போக வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஓய்வுக்குப் பிறகு பழைய கடன் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அந்த எண்ணம் உறுதிப்பட்டதே தவிரக் குறையவில்லை.

1875 மே மாதம், பூனா மாவட்டத்தில் சுபா என்ற சந்தை ஊரில் குடியானவர்கள் கூட்டமாகத் திரண்டு வட்டிக்கடைக்காரர்களின் வீடுகளுக்குள் புகுந்தார்கள். அவர்கள் தேடியது பணத்தை அல்ல, கடன் பத்திரங்களை. கையில் கிடைத்த பத்திரங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். பூனா, அகமதுநகர் மாவட்டங்களில் ஊர் ஊராக இது பரவியது. காரணம் கண்டுபிடிக்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதிகாரிகள் பலரும் அதுவரை நம்பியிருந்த காரணம் ஒன்றுதான்: குடியானவன் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் கண்டபடி செலவழிக்கிறான். குழு கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. கல்யாணச் செலவு ஓர் இனமாக இருந்தது உண்மைதான். ஆனால் கடனுக்கு வித்தாக அது இருந்தது அரிது. விதை, மாடு, சாப்பாட்டுத் தானியம், சர்க்காருக்குக் கட்ட வேண்டிய தீர்வை என்று சின்னச் சின்னத் தொகைகள்தான் வட்டியோடு சேர்ந்து மலையாகியிருந்தன.

அந்தச் சின்னத் தொகைகள் எப்படி மலையாயின என்பதில்தான் என் கவனம் நின்றது. 1859இல் வந்த காலவரம்புச் சட்டப்படி, கடன் பத்திரத்துக்கு மூன்றாண்டுதான் ஆயுள். பழைய கடனைக் காட்டிப் பரம்பரை பரம்பரையாகக் குடியானவனைக் கசக்கக்கூடாது என்று, அவனைக் காப்பாற்றத்தான் அந்த வரம்பு. நடந்தது நேர்மாறு. மூன்றாண்டு முடிவதற்குள் கடன் கொடுத்தவர் வந்து நிற்பார். கட்டப் பணம் இருக்காது. பாக்கி வட்டியை அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதிக் கைரேகை வாங்கிக்கொள்வார். அடுத்த மூன்றாண்டுக்கு அந்த வட்டிக்கும் வட்டி ஓடும். இடையில் ஒரு காசுகூட புதிதாகக் கடன் வாங்காமலே கடன் இரட்டிப்பாகும்.

எங்கள் ஊரில் இன்றும் புரோநோட்டை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை "மாத்தி எழுது" என்கிறார்கள். சங்கத்தில் என் மேசையில் அதே நகையை மறுபடி புதுக் கடனுக்கு அடகு வைத்ததற்குப் பெயர் "மாத்தி வைக்கிறது". பேப்பர் வேறு, பொருள் வேறு, கணக்கு ஒன்று.

பூனா, அகமதுநகர் அடங்கிய தக்காணத்தில் கடன் வளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கஷ்டகாலத்தைச் சேர்ந்ததல்ல, நல்ல காலத்தைச் சேர்ந்தது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போன பஞ்சு நின்றது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. நிலத்துக்கு மதிப்பு வந்தது. முன்பு பத்து ரூபாய் கொடுக்கத் தயங்கிய சாவுகார், வீடு தேடி வந்து கொடுத்தார். போர் 1865இல் முடிந்து பருத்தி விலை சரிந்ததும் அதே கை இறுகியது. அதே சமயம் தீர்வையும் உயர்த்தப்பட்டது. கொடுத்த காலத்தில் யாரும் குடியானவனை ஊதாரி என்று சொல்லவில்லை. கேட்ட காலத்தில்தான் சொன்னார்கள்.

பஞ்சாபில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த மால்கம் டார்லிங் இதைப் பற்றி 1925இல் ஒரு புத்தகமே எழுதினார். கால்வாய் வந்து, விளைச்சல் பெருகி, நில விலை உயர்ந்த செழிப்பான இடங்களிலும் கடன் கூடியிருப்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார். அடகு வைக்க மதிப்புள்ள பொருள் இருப்பவனுக்குத்தான் கடன் கிடைக்கிறது, கிடைப்பதால் வாங்குகிறான், வாங்கியது செலவாகிறது. டார்லிங் கல்யாணச் செலவையும் கண்டித்தவர்தான், அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் செலவுக்கு முன்னால் எளிதாகக் கிடைக்கும் கடன் நிற்கிறது என்பதை அவர் அளவுக்குத் தெளிவாகப் பார்த்தவர்கள் குறைவு.

சென்னை மாகாணத்தின் கதைக்கு வருகிறேன். இங்கே ரயத்துவாரி முறை. நிலத்துக்குப் பட்டா குடியானவன் பெயரில், கிஸ்தி என்ற நிலவரித் தவணையும் அவன் தலையில். நெல் எப்போது விளையும், எப்போது விலை போகும் என்பது மழையின் கையில். கிஸ்திக்கு மட்டும் தேதி உண்டு, அதுவும் ரொக்கமாக. அறுவடை முடிந்து எல்லோரும் ஒரே சமயத்தில் விற்பதால் விலை இறங்கிக் கிடக்கும்போதுதான் தாசில்தாரின் ஆள் வருவார். குறைந்த விலைக்கு விற்கவேண்டும், இல்லையென்றால் கடன் வாங்கவேண்டும். பணம் வரும் நாளும் பணம் போகும் நாளும் பொருந்தாததுதான் முதல் கடன். இன்று ஆனி மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக நகையோடு வருகிறவர்களின் நிலையும் அதுவே. அவர்கள் பணமே இல்லாதவர்கள் அல்லர். பணம் தையில் வரும், கட்டணம் ஆனியில் கேட்பார்கள்.

பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை 1892இல் சென்னை அரசு இந்தப் பிரச்சினையை ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகங்களாக வந்தது. மாகாணக் குடியானவர்களின் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். ஜெர்மனியில் ரைபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்றார். ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவானது. நான் சோறு சாப்பிட்ட தொழிலுக்கு வேர் அந்தத் திரூர்தான். அந்த ஊர்ப் பெயரை எழுதும்போது இப்போதும் எனக்கு மரியாதை வருகிறது.

ஆனால் சங்கங்கள் வட்டிக்கடையை அசைக்கவில்லை. கடன் 45 கோடியில் நிற்கவும் இல்லை. 1935இல் சத்தியநாதன் என்ற அதிகாரி எடுத்த கணக்கு 200 கோடி என்றது. இடைப்பட்ட நாற்பது ஆண்டில் நம் மக்கள் நாலு மடங்கு ஊதாரிகளாகிவிட்டார்களா? 1920களில் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் பருத்திக்கும் விலை கிடைத்தது, நிலம் விலை ஏறியது, அதை நம்பிக் கடன் ஓடியது. 1930இல் உலகமே மந்தத்தில் விழுந்தபோது நெல் விலை ஏறக்குறையப் பாதியானது. கடனோ ரூபாயில் எழுதப்பட்டது. பத்து மூட்டை விற்று அடைத்திருக்கக்கூடிய கடனுக்கு இருபது மூட்டை தேவைப்பட்டது.

அப்போது நடந்ததை நினைத்தால் என் தராசு கண்ணில் படுகிறது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க மதிப்பிலிருந்து தன் பவுண்டு நாணயத்தைக் கழற்றிவிட்டது. தங்கம் விலை ஏறியது. நாடெங்கும் குடும்பங்கள் தோட்டையும் வளையலையும் அட்டிகையையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள், வைத்தது மூழ்கிப்போனது. கிராமத்துப் பெண்களின் கழுத்திலிருந்த தங்கம் பம்பாய் வழியாகக் கப்பலேறி லண்டனுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக அதிகாரிகள் "வீண் ஆடம்பரம்" என்று பழித்த நகைதான் அந்த மந்தகாலத்தில் கிஸ்தி கட்டியது, வட்டி கட்டியது, அடுப்பெரித்தது.

ராஜாஜி முதல்வரானதும் 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. வட்டிக்கு ஒரு முடிவு உண்டு என்று அது சொன்னது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனென்றால், 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலாகவும் வட்டியாகவும் சேர்த்து அசலைப்போல் இரண்டு பங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 1932 அக்டோபர் முதல் வாங்கிய கடன்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி. கடன் கொடுத்தவர்கள் கூக்குரலிட்டார்கள். அதற்கப்புறம் சிறு விவசாயிகளுக்குக் கடன் கிடைப்பது கடினமானதும் உண்மை. அப்படியும் அது நியாயமான சட்டம் என்றே சொல்வேன். வாங்கியவன் எவ்வளவு கட்டினால் போதும் என்ற கேள்விக்குச் சட்டம் எண்ணிக்கையில் பதில் சொன்னது.

சுதந்திரத்துக்குப் பின் 1951–52இல் எடுத்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. பெரும்பகுதி வட்டிக்காரரிடம்தான். 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. வங்கிகள் வந்தும் கந்துவட்டி ஓயவில்லை; 2003இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருப் பேச்சில் இருந்த பெயர்களையெல்லாம் அந்தச் சட்டம் வரிசையாகச் சொல்லித் தடுத்தது. வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அசலை நாள்தோறும் வசூலிப்பது தண்டல். இன்று செல்போன் செயலிகளில் கடன் கொடுக்கிறவர்கள் பலர், "பிராசஸிங்" கட்டணம் என்று முன்பணம் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார்கள். சைக்கிளில் வந்த தண்டல்காரர் தெருவிலிருந்து போய்விட்டார். அவர் கணக்கு போகவில்லை.

நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மூன்று பவுன் சங்கிலியோடு ஓர் அம்மா முதன்முதலாக வந்தது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக. தவணை முடிந்தபோது திருப்பப் பணமில்லை. அதற்குள் பவுன் விலை ஏறியிருந்தது. புது மதிப்புக்கு மாற்றி வைத்தால் வட்டியும் கட்டி, கையில் கொஞ்சம் மிச்சமும் வரும். "கூட எவ்வளவு வரும் தம்பி?" என்று கேட்டார். வந்த மிச்சத்தில் தீபாவளி போனது. அடுத்த தடவை மருமகனுக்கு ஆடிச்சீர். அதற்கடுத்த தடவை வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ். 2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியது. 2025 அக்டோபரில் 90,000. விலை ஏற ஏறக் கடன் ஏறியது. சங்கிலி அவர் கழுத்துக்கு ஒருநாளும் போகவில்லை. அந்தப் பிரிட்ஜைக் காட்டி அவரை ஊதாரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பருத்தி விலை ஏறியபோது தக்காணத்தில் நடந்ததும், கால்வாய் வந்தபோது பஞ்சாபில் நடந்ததும் இதுதான்.

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது. நகையை வாங்கிக்கொண்டு போனவர்களின் முகம் மறக்காது. ஆனால் ஆனி மாதக் கட்டணம் தள்ளுபடியாகவில்லை; அதே நகைகளில் பல திரும்பி வந்தன.

இன்னொன்று. எங்கள் பக்கம் வட்டியை மாதத்துக்கு, நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதுதான் வழக்கம். இரண்டு வட்டி என்றால் தாங்கலாம், மூன்று என்றால் முகம் சுளிப்பார்கள். கிரெடிட் கார்டில் முழுத் தொகை கட்டாமல் விட்டால் பல வங்கிகள் பிடிப்பது மாதம் மூன்றரை ரூபாய் அளவில். ஆண்டுக்கு 42 சதவீதம். மூன்றரை வட்டிக்கு விடுகிறேன் என்று ஒருவர் தெருவில் வந்தால் ஊர் அவரைக் கந்துவட்டிக்காரர் என்றுதான் சொல்லும். குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று கார்டு பில்லில் அச்சடித்திருப்பது, மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றி எழுதியதை மாதாமாதம் ஆக்கியிருக்கிறது. கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

1938இல் ஒரு மாகாண அரசு, இரண்டு பங்கு கட்டியவன் கடன் தீர்த்தவன் என்று எழுதியது. கார்டு, செயலி, அடகு என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதே வரம்பு இன்றைய கடனுக்கும் வேண்டும். ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம், தள்ளுபடியைக் கேட்பதற்கு முன்னால் இந்த வரம்பைக் கேளுங்கள்.