ஒளி என்னும் இடுக்கி



வால்வெள்ளியின் வால் எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீண்டிருப்பதைக் கண்ட கெப்ளர், சூரியவொளியே அதனைத் தள்ளுகின்றது என 1619ஆம் ஆண்டில் எழுதினார். ஒளிக்கு அழுத்தம் உண்டென்பதை 1873இல் மாக்ஸ்வெல் கணிதத்தாற் காட்டினார். 1901இல் ருஷிய அறிஞர் லெபெதேவ் அதனை அளந்து வெளியிட்டார். ஆயினும் அவ்வழுத்தம் மிகமிகச் சிறியது. நண்பகல் வெயிலில் நிற்கும் நாம் அதன் வெம்மையை உணர்கின்றோமேயன்றித் தள்ளுதலை உணர்வதில்லை. இத்துணை மெலிந்த விசையால் யாது பயன் என்று கேட்கத் தோன்றும். அந்த மெலிவே பின்னர் அதன் சிறப்பாயிற்று.

ஒவ்வோர் உயிர்க்கலத்தையும் ஒரு மென்சவ்வு சூழ்ந்துள்ளது. 1925இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், செங்குருதிக் கலங்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீரின்மேற் பரப்பினர். அது கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை நிரப்பியது. ஆகவே, சவ்வு இரண்டு மூலக்கூற்றுப் படைகளால் ஆனது என்றனர். அக்கணக்கில் ஒன்றையொன்று ஈடுசெய்த இரு பிழைகள் இருந்தன. எனினும் முடிவு நிலைத்தது. அவ்விரட்டைப் படையின் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர். இத்தகைய நொய்ய பொருளை எதனாற் பற்றி இழுத்து அளப்பது?

ஒளியே அதற்கும் வழி காட்டிற்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆர்தர் ஆஷ்கின் லேசர் ஒளியால் நுண்மணிகளைத் தள்ளிய சோதனையை 1970இல் வெளியிட்டார். நன்கு குவிக்கப்பட்ட ஒரே கதிர், ஒளி செறிந்த இடத்தை நோக்கி மணியை இழுத்துப் பற்றி நிறுத்துவதை அவரும் துணைவர் மூவரும் 1986இற் காட்டினர். இதுவே ஒளியிடுக்கி. மறுவருடம் உயிருள்ள பற்றீரியாக்களையும் அவர் பிடித்தார். அவை ஊறுபடாதிருக்கக் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரைக் கையாண்டார். 2018இல், தமது 96ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார்.

ஒளியாற் பற்றிய மணியைச் சவ்வில் ஒட்டவைத்து மெல்லப் பின்னிழுத்தால், பசையினின்று இழை வருவதுபோலச் சவ்விலிருந்து குழல்வடிவான நூலொன்று நீளும். விற்றராசின் முள்ளைப்போல, மணி தன்னிடத்தினின்று விலகும் தூரமே விசையைச் சொல்லும். அவ்விசை ஒரு கடுகின் எடையில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நூலின் தடிப்பையும் விசையையும் கொண்டு, வளைப்பதைச் சவ்வு எவ்வளவு எதிர்க்கின்றது எனக் கணிக்கலாம். வளைவு பற்றிய கொள்கையை ஜெர்மன் அறிஞர் ஹெல்பிரிச் 1973இலேயே வகுத்திருந்தார்.

இதனால் நமக்கென்ன? செங்குருதிக் கலம் தன்னிலும் ஒடுங்கிய மயிர்க்குழாய்களினூடே வளைந்து செல்லவேண்டும். மலேரியாக் கிருமி புகுந்த கலம் விறைப்படைவதை, ஒளியிடுக்கியால் அதனை இழுத்துப் பார்த்தோர் அளந்து காட்டினர். விறைப்பும் ஒட்டுந்தன்மையும் சேர்ந்து நுண்குழாய்களை அடைக்கும். மூளையில் அவ்வாறு நேரின் உயிருக்கே ஆபத்து.

பாரிய விசை கலத்தைக் கிழித்திருக்கும். வெயிலில் நின்றும் நாம் உணராத அம்மெல்லிய விசையே அதனைக் கிழிக்காது தொட்டு அளந்தது.