காசுக்கேத்த பாட்டு: ஒலித்தரம் விலை போன கதை

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் ஆப்களில் "லாஸ்லெஸ்" என்ற வார்த்தை இன்று சர்வசாதாரணம். ஒலிப்பதிவில் இருந்த தகவல் எதையும் வெட்டாமல் அனுப்புவது என்று பொருள். ஆனால் இந்தத் தரம் 1982-லேயே, ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்தபோதே கிடைத்துவிட்டது! பிறகு நடுவில் ஏன் காணாமல் போனது? ஏன் தனி விலை போட்டு விற்றார்கள்? அந்த விலை ஏன் விழுந்தது? தொழில்நுட்பத்தைவிட வணிகம் அதிகம் உள்ள கதை இது.

முதலில் கொஞ்சம் கணக்கு. சிடியில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடது, வலது என இரண்டு தடம். பெருக்கினால் விநாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். நாலு நிமிடப் பாட்டு ஒன்று 42 எம்.பி. வரும். தொண்ணூறுகளின் 56 கே மோடத்தில் இதை இறக்க, எல்லாம் சரியாக நடந்தாலே 1 மணி 40 நிமிடம் ஆகும்!

இந்தச் சிக்கலுக்கு வந்த தீர்வுதான் எம்பி3. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்டோர் உழைத்து உருவாக்கியது. பலத்த சத்தம் கேட்கும்போது அதனருகில் உள்ள மெல்லிய சத்தம் காதுக்கு எட்டாது. எட்டாததை எதற்கு அனுப்ப வேண்டும் என்று வெட்டிவிடுகிறார்கள். 128 கிலோபிட்டில் அதே பாட்டு 4 எம்.பி.க்குள் அடங்கிவிடும். ஒன்பது நிமிடத்தில் இறங்கிவிடும்.

1999-ல் நாப்ஸ்டர் வந்ததும் ஜனங்கள் இலவசத்துக்குத் தாவினார்கள். தரம் குறைந்ததைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2003-ல் ஆப்பிள் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தபோது, 99 சென்ட் வாங்கிக்கொண்டு விற்றதும் 128 கிலோபிட் பாட்டைத்தான். 2007-ல் இஎம்ஐ நிறுவனத்தின் பாடல்களை 256 கிலோபிட்டில், காப்பி எடுக்க முடியாத பூட்டும் இல்லாமல், 1.29 டாலருக்கு விற்றார்கள். தரத்துக்குத் தனி விலைச்சீட்டு ஒட்டப்பட்டது இப்படித்தான்.

அடுத்து சந்தா காலம். 2008-ல் ஸ்பாட்டிஃபை வந்தது. பின்னாலேயே பல கம்பெனிகள். இங்கேதான் ஒரு வணிகச் சிக்கல். எல்லாக் கடையிலும் ஏறக்குறைய அதே பாட்டுகள், அதே 9.99 டாலர். எதைக் காட்டி வேறுபடுத்துவது? 2014-ல் டைடல், சிடி தரத்தைத் தருகிறோம் என்று 19.99 டாலர் கேட்டது. வெட்டாமல் தருவதற்கு மாதம் 10 டாலர் கூடுதல்! 2019-ல் அமேசான் அதே சரக்கை 14.99 டாலருக்கு இறக்கியது.

2021 மே 17-ல் ஆப்பிள் ஒரு அறிவிப்பு வெளியிட்டது: ஜூன் முதல் லாஸ்லெஸ் தரத்துக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. அதே நாளில் அமேசானும் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஆப்பிளுக்கு ஃபோன் வியாபாரம், அமேசானுக்கு உலகத்தில் உள்ள அத்தனை வியாபாரமும் இருக்கிறது. பாட்டை மட்டும் நம்பியிருந்த டைடல் தாக்குப்பிடிக்க முடியாமல், 2024-ல் எல்லாத் தரத்தையும் 10.99 டாலருக்குள் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் "ஹைஃபை" வரும் என்று சொன்ன ஸ்பாட்டிஃபை, நாலரை வருடம் இழுத்து 2025 செப்டம்பரில்தான் லாஸ்லெஸ் தந்தது.

சரி, காதுக்கு வித்தியாசம் தெரியுமா? 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். சிடியைவிட உயர்ந்த தரத்தையும் சிடி தரத்தையும், எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டினார்கள். 554 முறையில் 276 முறை சரியான பதில். காசைச் சுண்டிப் போட்டாலும் இதே அளவு தேறும்! ஆனால் இது சிடிக்கு மேலே உள்ள தரத்தைப் பற்றிய சோதனை. 128 கிலோபிட் எம்பி3-க்கும் சிடிக்கும் உள்ள வித்தியாசம் வேறு கதை. அது பலருக்கும் பிடிபடும்.

இன்னொரு வேடிக்கை, சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனுக்குப் பாட்டு போகும்போது மறுபடியும் வெட்டித்தான் போகிறது. ஏர்பாட்ஸில் ஒயர் இல்லாமல் லாஸ்லெஸ் கேட்க முடியாது என்று 2021-ல் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. ஆகவே கூடுதல் தரத்துக்கு யாராவது கூடுதல் காசு கேட்டால், முதலில் காதில் மாட்டியிருப்பது என்ன என்று பாருங்கள். பணத்தை அங்கே போடுவதா, சந்தாவில் போடுவதா என்பது அப்புறம் தானாகவே விளங்கிவிடும்.