வாக்கியம் மூன்று வகையான கதை

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று ஆங்கில வாக்கியம் மூன்று வகைப்படும் என்பது நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்படும் பாடம். அது லத்தீன் காலத்திலிருந்து வழிவழியாக வந்த விதி என்றே பலரும் நம்புகிறார்கள். பழைய நூல்கள் வேறு செய்தி சொல்கின்றன. லிண்ட்லி மரே 1795-இல் யார்க் நகரில் வெளியிட்டு, பல பதிப்புகள் கண்ட ஆங்கில இலக்கணம் இரண்டே வகைகளைத்தான் பேசுகிறது: தனி வாக்கியம், கூட்டு வாக்கியம். ‘மழை பெய்தது, ஆனாலும் போனேன்’ என்பதும் ‘மழை பெய்ததால் போகவில்லை’ என்பதும் ஆங்கிலத்தில் அவர் கணக்குப்படி ஒரே வகைதான். இன்றைய மாணவர் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

துணை வாக்கியம் கொண்டதைக் கூட்டு வாக்கியத்திலிருந்து பிரித்து, காம்ப்ளெக்ஸ் என்ற மூன்றாம் வகையாக்கிய மாற்றத்துக்கு வித்திட்டவர் மருத்துவராயிருந்து இலக்கணத்துக்கு வந்த ஜெர்மானியர் கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர். துணை வாக்கியம் ஒவ்வொன்றும் பெயர்ச்சொல், பெயரடை, வினையடை ஆகிய மூன்றில் ஒன்றின் வேலையைச் செய்கிறது என்று அவர் கண்டார். நவுன் கிளாஸ், அட்ஜெக்டிவ் கிளாஸ், அட்வெர்ப் கிளாஸ் என்று நாம் படிப்பவை இந்தப் பார்வையின் வாரிசுகளே. இங்கிலாந்தில் பள்ளி ஆய்வாளராயிருந்த ஜே.டி. மோரெல், 1852-இல் வெளியிட்ட வாக்கியப் பகுப்பாய்வு நூலில் பெக்கரின் முறையைப் பள்ளிக்கேற்ப வகுத்தார். எழுவாய்க்கு ஒரு கட்டம், பயனிலைக்கு ஒரு கட்டம், அதன் நிறைவுக்கும் விரிவுக்கும் தனித்தனிக் கட்டம் என்று வாக்கியம் அட்டவணையானது. தேர்வுகள் பெருகிவந்த காலம் அது. கட்டத்தில் நிரப்பிய விடையைத் திருத்துவது எளிது. இம்முறை வேரூன்ற அதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து. இந்தியாவில் நெஸ்ஃபீல்டும், பின்னர் 1930களில் ரென் – மார்ட்டினும் இதே பகுப்பைப் பாடநூலில் நிலைநிறுத்தினார்கள்.

பெயர் பிறகு வந்தாலும் பொருள் முன்பே இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான், துணை வாக்கியங்கள் ஆங்கிலத்தில் ஆதி முதலே உண்டு. இந்தப் பகுப்பு இல்லாமல் சட்ட வாசகத்தையோ மில்டனின் நெடுவாக்கியத்தையோ அவிழ்க்க முடியுமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அங்கே கைகொடுப்பது, எந்தப் பகுதி எதற்கு அடங்கி என்ன வேலை செய்கிறது என்ற பெக்கரின் கேள்வி. இது எந்த வகை என்று பெயர் சூட்டுவது அந்த வேலையில் பாதிகூட இல்லை.

தமிழ் மாணவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். ‘தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே இஸ் மை பிரதர்’ ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ். ‘ஹூ கேம்’ என்பதில் எழுவாயும் முற்றுவினையும் இருக்கின்றன. ‘நேற்று வந்த பையன் என் தம்பி’ என்பதிலோ பயனிலை ஒன்றே. நம் பாடநூல் அதைத் தனிநிலைத் தொடர் என்றே சொல்லும். ‘வந்த’ காலம் காட்டும், பால் காட்டாது, ஒரு பெயரைத் தழுவி நிற்கும். கருத்து ஒன்று, இலக்கண வகை வேறு. முற்று, எச்சம் என்று தொல்காப்பியம் முதல் நமக்குத் தெரிந்த பாகுபாடே இங்கே சரியான நுழைவாயில். ஆங்கில ஆசிரியர்கள் பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதே வேலையை ஆங்கிலம் முற்றுவினை கொண்டு எப்படிச் செய்கிறது என்று காட்டட்டும். மூன்று வகைப் பெயர்களை அதன் பிறகு கற்பிக்கலாம்.