சங்கிலியைப் பிடித்திருக்கும் கை

அகப்பொருள் இலக்கணம் நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் சிரிக்கிற இடம் ஒன்று உண்டு. இரவில் தலைவியைக் காண வரும் தலைவனுக்கு நேரும் தடைகளை நம்பியகப்பொருள் வரிசைப்படுத்துகிறது. தாய் தூங்கமாட்டாள், நாய் தூங்காது, ஊர் தூங்காது, காவலர் சுற்றி வருவர், நிலவு வெளிப்படும், கூகை குழறும், கோழி கூவும். தாயும் நாயும் அடுத்தடுத்து வந்ததற்கு எதுகைதான் காரணம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த வீட்டில் இருவருக்கும் ஒரே வேலைதான்: பெண்ணைக் காவல் காப்பது. வீட்டுக்கும் பெண்ணுக்கும் நாய்க்கும் உரியவராகிய தந்தை இந்த வரிசையில் இல்லை. அவர் தூங்கினாரா விழித்திருந்தாரா என்பது பற்றி இலக்கணத்துக்குக் கவலை இல்லை.

உரிமை ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு என்ற இந்த ஏற்பாடு நாய் வளர்ப்பின் வரலாறு நெடுகிலும் தொடர்கிறது. இன்று தெருவிலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் நாய்களை முன்வைத்து நடக்கும் சண்டைகளைப் புரிந்துகொள்ள இந்த வரலாறு நமக்குத் தேவைப்படுகிறது.

முதலில் சொற்களைப் பார்க்கலாம். தொல்காப்பிய மரபியல் நாய்க்குட்டியைக் 'குருளை' என்கிறது. புலிக்குட்டிக்கும் அதே பெயர்தான். பெண் நாயைப் 'பிணவு' என்கிறது. இரண்டிலும் இழிவு எதுவும் இல்லை. பின்னர் பக்தி இலக்கியத்தில் மாணிக்கவாசகர் இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ள 'நாயேன்' என்கிறார். அங்கே நாய் தாழ்வின் அளவுகோலாகிவிட்டது. இன்றைய பேச்சுவழக்கில் பெண் நாயைக் குறிக்கும் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணைத் திட்டப் பயன்படுகின்றன. குரல் உயர்த்திப் பேசும் ஆண் 'சத்தம் போடுகிறார்'. அதையே செய்யும் பெண் 'குரைக்கிறாள்'. ஆகவே, நாய் தொடர்பான தகராறில் ஒரு பெண் வாய் திறந்தால், அவளை அடக்குவதற்கான சொற்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.

நாயை நகரத்தின் 'பிரச்சினை' ஆக்கியது காலனி ஆட்சி. மதராஸ் நகராட்சி 1860இல் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது. உரிமையாளர் உள்ள நாய் சொத்து, இல்லாத நாய் குப்பை என்பதே அதன் தர்க்கம். ஊர்ப் பொதுவில் வாழ்ந்து, நாலு வீட்டுச் சோறு தின்று, ஒருவருக்கும் சொந்தமாகாத நாய்க்கு அந்தத் தர்க்கத்தில் இடமில்லை. அதற்குச் சோறு வைத்த பெண்களுக்கும் இடமில்லை. விடுதலைக்குப் பிறகும் இந்தக் கொலைமுறை மாறவில்லை. நூறாண்டு கொன்றும் நாய்களும் குறையவில்லை, கடியும் குறையவில்லை என்று சுட்டிக்காட்டி, கருத்தடையே வழி என்று சென்னையின் புளூ கிராஸ் 1964 முதல் வலியுறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்றது 1996இல்தான். நாடு முழுமைக்குமான கருத்தடை விதிகள் 2001இல் வந்தன.

அச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநாய்க்கடி நோயால் இறந்தார். அப்போது தென்னிந்தியாவில் அதற்குச் சிகிச்சை நிலையம் இல்லை. இருந்தது இமயமலை அடிவாரத்துக் கசௌலியில். அந்த மரணத்தை ஒட்டி எழுந்த முயற்சியால், அமெரிக்கரான ஹென்றி ஃபிப்ஸ் அளித்த நன்கொடையையும் கொண்டு, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு மருந்து என்பது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த தடுப்பூசிதான். 'தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி' என்று நம் அம்மாக்கள் சொல்லிப் பயமுறுத்தியது அதைத்தான். இந்தியா அதைக் கைவிட்டது 2004-05 வாக்கில். கடிபட்ட குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு அரசு மருத்துவமனை வரிசையில் நாள்தோறும் நின்ற பெண்களின் நினைவு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நாயைக் கண்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கத்தும் பக்கத்து வீட்டுக்காரியை 'இரக்கமில்லாதவள்' என்று ஒதுக்கும் முன் இதை நினைத்துப்பார்க்க வேண்டும். நோய் அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்ற நிலை இன்றும் மாறவில்லை. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதும், தாமதிக்காமல் ஊசி போட்டுக்கொள்வதுமே காப்பு.

இந்த வரலாற்றில் சட்டத்தை எழுத வைத்தவர் ஒரு பெண். ருக்மிணி தேவி அருண்டேலை நடனக் கலைஞராக, கலாக்ஷேத்திராவை நிறுவியவராக நாம் அறிவோம். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், மறு ஆண்டே விலங்குகள் வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே.

அச்சட்டத்தின் 11ஆம் பிரிவில் நான் அடிக்கடி திரும்பிப்போகும் ஓர் உட்பிரிவு இருக்கிறது. வழக்கமாகச் சங்கிலியில் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு நியாயமான அளவு நடமாட்டம் தராத உரிமையாளர் குற்றவாளி என்கிறது அது. நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் நாய்தான் இரவெல்லாம் குரைக்கும், அவிழ்த்துவிட்டால் பாயும். ஆக, பக்கத்து வீட்டின் தூக்கமும் அந்த நாயின் நடையும் ஒரே பொறுப்பின் இரண்டு பக்கங்கள் என்பதை 1960லேயே சட்டம் உணர்ந்திருந்தது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றும் அதே தொகைதான்.

சட்டத்துக்கு முந்தைய ஆண்டு, 1959இல், சென்னையில் புளூ கிராஸ் பிறந்தது. மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் சுந்தரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என்று அந்தக் கதை தொடங்கும். அமைப்பை அவருடன் சேர்ந்து நிறுவிய அவர் மனைவி உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். 1950இல் கணவருடன் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஏறத்தாழ 27 மணி நேரத்தில் விமானம் ஓட்டி வந்தவர். அவர் பெயரைக் கேட்டால் என் வகுப்பில் ஒரு கைகூட உயர்வதில்லை.

இனி நம் தெருவுக்கு வரலாம். நான் குடியிருக்கும் புறநகர்க் குடியிருப்பில் கடந்த ஆண்டு நலச்சங்கக் கூட்டம் ஒன்று முழுவதும் நாய்களைப் பற்றியே நடந்தது. மூன்று புகார்கள். ஒன்று, இரண்டாம் மாடி நாய் இரவில் குரைக்கிறது. இரண்டு, விடிகாலையில் வாசலில் கோலம் போட வரும் பெண்கள் முதலில் நாய்க் கழிவை அள்ள வேண்டியிருக்கிறது. மூன்று, ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வாயிலருகே தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார். நாற்காலிகளில் உட்கார்ந்து பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். நாய்க்குச் சோறு பிசைபவர்களும், நடத்திச் செல்பவர்களும், பெருக்குபவர்களும் மாடிப்படியில் நின்றிருந்தோம்.

அந்தச் செவிலியரைப் பார்த்து ஒருவர் சொன்னார்: "புள்ள குட்டி இல்லாதவங்களுக்கு வேற என்ன வேலை?" தேநீர்க் கடையில் அதே நாய்களுக்குப் பொறை பிஸ்கட் போடும் ஆண்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவர்களுக்கு 'நல்ல மனசு'. தெருநாய்க்குச் சோறு வைக்கும் பெண்ணின் தாய்மையும் திருமணமும் ஒழுக்கமும் உடனே விசாரணைக்கு வந்துவிடுகின்றன. அவர் தன் ஓய்வூதியத்தில் அந்த ஏழு நாய்களுக்கும் கருத்தடை செய்து ஊசி போட்டிருந்தார் என்பதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.

ஆனால் அன்று கூட்டத்தின் போக்கை மாற்றியவர் அவரல்ல. நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண். விடியுமுன் இருட்டில் நடந்து வருபவர். அவர் செவிலியரிடம் கேட்டார்: "உங்களப் பாத்தா வாலாட்டுது, என்னப் பாத்தா தொரத்துது. அது உங்க நாய் இல்லன்னா யாரு நாய்க்கா?"

இரக்கத்தின் பக்கம் நிற்பவர்கள் எதிர்கொண்டே ஆக வேண்டிய கேள்வி இது. சோறு வைக்கும் இடம் நாயின் எல்லையாகிறது. அந்த எல்லையைக் கடந்து வேலைக்கு வருபவள் கடிபடுகிறாள். செவிலியர் சண்டை போடவில்லை. சோற்றுத் தட்டு வாயிலிலிருந்து பின்புறத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனது. நேரம் இரவு ஒன்பதரை ஆனது. சில நாட்கள் இருவரும் சேர்ந்தே அந்த வாயிலைக் கடந்தார்கள், நாய்களுக்குப் பழகட்டும் என்று. 2023 மார்ச்சில் வந்த கருத்தடை விதிகளின் 20ஆம் விதி கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து விலகிய இடம், குழந்தைகளும் முதியவர்களும் குறைவாக நடமாடும் நேரம்.

கோலப் புகார் அவ்வளவு எளிதில் தீரவில்லை. நாய்க் கழிவை அள்ளும்படி சொன்னபோது ஒரு வளர்ப்பாளர், "மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறோமே" என்றார். தன் நாயின் கழிவைத் தொடுவது தனக்கு இழிவு, தூய்மைப் பணியாளருக்கு அது வேலை என்பது அதன் பொருள். இது சாதியின் கணக்கு. மாதக் கட்டணத்தால் மறைத்துவிட முடியாது. குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மை வாக்கால்கூட நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கடிதத்தை அச்செடுத்து மாட்டுகிறவர்கள் கையில் ஒரு பழைய செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் அல்லவா?

'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகையையும் இப்படியே வாசிக்கலாம். வீட்டுக்காரரின் விருந்தாளிக்கு நாய் முன்பே அறிமுகப்படுத்தப்படும். அந்தப் பலகையின் முன் தயங்கி நிற்பவர்கள் கீரைக்காரப் பெண், உணவு கொண்டுவரும் இளைஞர், கணக்கெடுப்புக்கு வரும் அங்கன்வாடிப் பணியாளர்.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அவள் பூங்காக் காவலாளியின் மகள். அந்தக் குடும்பம் பூங்காவிலேயே தங்கியிருந்தது. தடுக்க ஓடிய தாயும் கடிபட்டார். உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வாரம் முழுவதும் விவாதம் நாயின் இனத்தைப் பற்றியே ஓடியது. சங்கிலி யார் கையிலும் இல்லை என்பதையும், நமக்குப் பூங்காவாக இருப்பது அந்தக் குழந்தைக்கு வீடாக இருந்தது என்பதையும் பேசியவர்கள் குறைவு.

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லிப் பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் பாதித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. குறித்த இடங்களில் மட்டுமே உணவளிக்கலாம் என்றது. சென்னை மாநகராட்சி அதே ஆண்டில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது; உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம். நாய்க்கு ஒரு பெயரும் முகவரியும் பொறுப்பாளியும் வேண்டும் என்பதை நான் வரவேற்கிறேன். கவனக்குறைவால் தன் விலங்கு பிறருக்கு ஆபத்தாக விட்டவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. சட்டம் தேடிப்போவது சங்கிலியைப் பிடித்திருப்பவரை. பல வீடுகளில் ஆசைப்பட்டு வாங்கியவர் ஒருவர், உரிமத்தில் பெயர் உள்ளவர் ஒருவர், காலையும் மாலையும் சங்கிலியைப் பிடிப்பவர் மனைவியோ மாமியாரோ வேலைக்கார அம்மாவோ. இழுத்தால் நிறுத்த முடியாத எடையுள்ள நாயை ஒரு வயதான பெண்ணின் கையில் கொடுத்தனுப்பிவிட்டு, விபத்து நேர்ந்தால் 'அவள் விட்டுவிட்டாள்' என்பது பொறுப்பாகாது.

பொறுப்புள்ள நாய் வளர்ப்பு என்பது அன்பின் அளவு அல்ல, வேலையின் பட்டியல். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, கருத்தடை, உரிமம், நாளுக்கு இருமுறை நடை, பிடிக்க வலுவுள்ள கை, கழிவை அள்ளும் அதே கை, இரவில் குரைத்தால் காரணம் தேடுவது, பயப்படுகிற பக்கத்து வீட்டுக்காரர் வரும்போது சங்கிலியைச் சுருக்கிப் பிடிப்பது. நாய் வாங்கும் முன் வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார்ந்து இதில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரை எழுதட்டும். எல்லா வரியிலும் ஒரே பெண்ணின் பெயர் வந்தால், அந்த வீடு நாய் வளர்க்க இன்னும் தயாராகவில்லை.